மைராவில் நான் கட்டிய மதில்

நெடுந்தீவுக்காரனைக் கல் கிடக்கிற இடத்தில் தனியே விடக்கூடாது. உலகத்துக்கு இதை நிரூபித்துக் காட்டியவன் நான்தான், அதுவும் பொம்பிளை பார்க்கப் போன இடத்தில்.

எனக்குப் பேசிய பெண் ரீற்றா சுவிஸில் அகதியாக இருந்தாள், ஊருக்கு வர ஏலாது. "ஆளை நேரில பாக்காமல் ஓம் சொல்லமாட்டன்" என்று நின்றுவிட்டாள். எனக்கோ படத்தைப் பார்த்த அன்றே அவள்தான் என்று ஆகிவிட்டது. நடுவழியில், துருக்கியில் சந்திப்பதென்று முடிவானது.

அவளும் தகப்பனும் என்னை மத்தியதரைக் கடலோரத்து மைரா என்ற பழைய நகரத்துக்குக் கூட்டிப்போனார்கள். பக்கத்து மலையைக் குடைந்து, நிலை, உத்தரம் எல்லாம் செதுக்கி, வீடு வீடாகக் கல்லறைகள். எனக்கு ரசிக்க முடியவில்லை. பெண் பார்க்கவென்று வாங்கிய புதுச் சப்பாத்து குதிகாலைக் கடித்துக்கொண்டிருந்தது.

"நீர் இதில இரும் தம்பி, நாங்கள் கிட்டப் போய்ப் பாத்திட்டு வாறம்" என்றார் தகப்பன்.

இருந்திருக்கலாம். ஆனால் முன்னால் புல்லில் கற்கள் பரவிக் கிடந்தன. எங்கள் ஊரில் வேலியெல்லாம் சீமெந்து பூசாமல் அடுக்கிய கல். விழுந்த கல்லைக் கண்டவன் எடுத்து வைத்துவிட்டுத்தான் போவான், இல்லாவிட்டால் மாடு பயிருக்குள் பூந்துவிடும். (துருக்கியில் யாருடைய மாடு என்று யோசிக்கிற மூளை அன்று சப்பாத்துக்குள் இருந்தது.) கற்களில் இலக்கங்கள் எழுதியிருந்தன. பிள்ளைகள் கிறுக்கினதாக்கும் என்று நினைத்தேன். அவற்றை அழிக்காமல் விட்டது ஒன்றுதான் அன்று நான் செய்த நல்ல காரியம்.

அவர்கள் திரும்பி வரும்போது முழங்கால் உயரத்துக்கு அருமையான மதில் நின்றது. பாராட்டை எதிர்பார்த்து நானும் பக்கத்தில் நின்றேன். வந்தது விசில் சத்தம். காவலாளிக்குப் பின்னால் ஓடிவந்த தொல்லியல் ஆய்வாளர் அம்மா மதிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அப்படியே தரையில் குந்திவிட்டார். பழைய வாசல் ஒன்றைத் திரும்ப நிறுத்த, அதன் துண்டுகளுக்கு இலக்கமிட்டு ஒழுங்காகப் பரப்பி வைத்திருந்தார்களாம்.

"பிள்ளை, வா போவம். இது சரிவராது" என்றார் தகப்பன். வெட்கத்தைவிடப் பயம்தான் எனக்குப் பெரிதாக வந்தது. கல்லை அடுக்கி இவளைத் தொலைத்துவிட்டேனே!

ரீற்றா போகவில்லை. சிரித்து முடித்துவிட்டு, எந்தக் கல் எங்கே கிடந்தது என்ற வரைபடத்தை ஆய்வாளரிடம் வாங்கினாள். "நான் இலக்கம் சொல்லுறன், நீங்கள் தூக்கி வையுங்கோ."

பொழுது சாயும்வரை தூக்கினேன். இடையில் மலையைக் காட்டிக் கேட்டாள்: "செத்த ஆக்களுக்கே வீடு கட்டியிருக்கினம். எனக்கு ஒண்டு கட்டுவீங்களோ?"

"ஓம்" என்றேன். கையிலிருந்த கல் என் காலில் விழுந்தது. வலி அடுத்தநாள்தான் தெரிந்தது.

எங்கள் கலியாணப் படத்தைப் பார்ப்பவர்கள், மாப்பிள்ளை ஏன் இரண்டு கையையும் பொக்கற்றுக்குள் விட்டபடி நிற்கிறார் என்று இன்றும் கேட்பார்கள். அன்று "சரிவராது" என்ற அவள் தகப்பன், இப்போது என் மாமா, முந்திக்கொள்வார்: "மாதா கோயில் படியில ஒரு கல்லு ஆடிக்கொண்டு கிடந்தது. நான்தான் கையை உள்ள வையும் எண்டு சொன்னனான்."