கைராசிக்காரர்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு அன்று விடுமுறை. அவருடைய மூன்று மாத மகளுக்கு விடுமுறை இல்லை. சாயங்காலம் நாலு மணிக்கு டாணென்று அழுகையைத் தொடங்கிவிட்டாள். மனைவிக்குக் கண்ணைச் சுற்றிக் கருவளையம். அவருக்கும் நிற்கத் தெம்பில்லை. ஆனால் வாய்க்கு மட்டும் குறைச்சலில்லை.

“நீ போய்ப் படு. எட்டுப் பேரைத் தூக்கற மிஷினையே வழிக்குக் கொண்டுவர்றவன் நான். அஞ்சு கிலோ எம்மாத்திரம்?”

“தூக்கறது சுலபங்க. தூங்க வைக்கறதுதான் கஷ்டம்.”

“சத்தம் வந்தா காரணம் இருக்கும். காரணத்தைப் பிடிச்சா சத்தம் நிக்கும். போ!”

போனாள். அவர் காரணம் தேடினார். ஈரமா? இல்லை. எறும்பா? உதறிப் பார்த்தார், இல்லை. பசியா? இப்போதுதான் குடித்தாள். பாடினார். அழுகை இரண்டு மடங்கானது. பாட்டை நிறுத்தினார். பாதியாகக் குறைந்தது. அதையே முன்னேற்றம் என்று எடுத்துக்கொண்டார்.

ஒரு மணி நேரத்தில் அவருக்கே அழுகை முட்டியது. ஓடிக்கொண்டிருந்த வாஷிங் மெஷினில் சாய்ந்து, மகளை நெஞ்சோடு அணைத்து, பழக்க தோஷத்தில் முணுமுணுத்தார்: “மேல் கதவு சரி... கீழ்க் கதவு சரி... கம்பி வடம் சரி... பிரேக் சரி...”

ஒரு விம்மல். ஒரு கொட்டாவி. மூன்றாவது பிரேக்குக்கு மகள் தூங்கிப்போனாள்.

எழுந்து வந்த மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். “என்னங்க மாயம் இது! எங்கிட்ட ஒரு நாளும் இப்படி அடங்கினதில்லையே! உங்க கைராசியே ராசி!”

அவருக்குத் தலைகால் புரியவில்லை. அன்றிலிருந்து வேலை முடிந்து செருப்பைக் கழற்றும்போதே குழந்தை கைக்கு வந்துவிடும். “நீங்க தொட்டாத்தாங்க அடங்கறா!” மனைவி இரண்டு மணி நேரம் அடித்துப்போட்டாற்போல் தூங்குவாள். அவர் வாஷிங் மெஷினோடு குடித்தனம் நடத்துவார்.

ஒரு நாள் சீக்கிரமே வந்தார். வீறிட்ட சத்தம் வாசல்வரை கேட்டது. ‘பாவம், தவிக்கிறாள்’ என்று எட்டிப் பார்த்தார். மனைவி ஒரு கையால் துணி மடித்துக்கொண்டே, மறு கையில் மகளைக் குப்புறப் போட்டு முதுகில் நாலு தட்டுத் தட்டினாள். அவ்வளவுதான். கப்சிப்!

அவர் அசந்து நின்றார். பிரசவத்துக்கு முன் ஏழு வருஷம் ஒரு கம்பெனியின் புகார்ப் பிரிவில் உட்கார்ந்து, கொதித்துக் கூப்பிட்டவர்களை நன்றி சொல்லி போனை வைக்கச் செய்தவள் இவள். அந்த வித்தை தன்மேல் பாய்ந்து மாதம் ஒன்றாகியும் வலிக்கவேயில்லையே! கோபப்படத்தான் நினைத்தார். கைதட்டத் தோன்றியது.

“பார்த்துட்டேன்! எல்லாத்தையும் பார்த்துட்டேன்!” என்றார்.

அவள் துளியும் அசரவில்லை.

“அப்பாடா! தினமும் ஆச்சரியப்பட்டு ஆச்சரியப்பட்டு முகமே வலிச்சிடுச்சுங்க. இனிமே அந்த வேலை மிச்சம். இந்தாங்க, பிடிங்க. நான் போய்ப் படுக்கறேன்.”