நாற்பத்தொன்றாம் மேட்

ஐந்தரைக்கு அலாரம். அணைத்தான். பல் துலக்கினான். குளித்தான். துண்டைப் பால்கனிக் கொடியில் விரித்து இரண்டு கிளிப் போட்டான். கருப்புக் காபி. காலணி. எட்டு மாதமாக இதே வரிசை.

இன்று அவன் எடுக்கும் வகுப்பு இல்லை. பிலாட்டீஸ் உடற்பயிற்சி சொல்லித்தருகிற பயிற்றுநர்கள் மாநாட்டின் இரண்டாம் நாள். போனால்தான் சான்றிதழைப் புதுப்பிப்பார்கள்.

பஸ்ஸில் போகும்போது மாமியார் போனில் கூப்பிட்டார். மாநாட்டுக்கு வந்திருக்கும் மாஸ்டரின் வீடியோக்களை ஒன்று விடாமல் பார்த்திருந்தார்.

"மாப்ள, இன்னைக்காவது அவர்கிட்ட கேட்டுடுங்க. அவ கடைசியா என்ன சொன்னான்னு உங்க உடம்புக்குத் தெரியுமாமே."

"கேக்கறேன் அத்தை."

எட்டு மாதத்துக்கு முன் அவன் மனைவி வேலைக்குக் கிளம்பிப் போனாள், சாலையிலேயே விபத்தில் முடிந்துபோனாள். அன்று காலை என்ன சொல்லிவிட்டுப் போனாள் என்று அத்தை கேட்கும்போதெல்லாம் "ஞாபகமில்லை" என்றே சொல்லிவந்தான். ஞாபகம் இருந்தது. பெற்றவளிடம் கொடுக்கிற மாதிரி இல்லை, அவ்வளவுதான். மாஸ்டர் நல்லதாக ஒன்று சொன்னால் அதையே கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம்.

மண்டப வாசலில் தள்ளுமுள்ளு. எல்லாம் மாஸ்டருக்காக. இடுப்புக்குள் ஆழத்தில் ஒரு தசை இருக்கிறது. பாவம், அது தன் பாட்டுக்குக் காலைத் தூக்கிக்கொண்டு கிடந்தது. மாஸ்டர் அதைப் பேசவைத்துவிட்டார். பழைய காயம், ஆபரேஷன், செத்தவர்கள் சொல்ல நினைத்தது, எல்லாம் அதில் பதிவாகியிருக்கிறதாம். கை வைத்தால் கேட்குமாம். முந்நூறு பயிற்றுநர்கள், நாள் முழுக்க ஊரார் முதுகெலும்பை நிமிர்த்துகிறவர்கள், அவர் முன்னால் மட்டும் வளைந்து நின்றார்கள்.

உள்ளே போகுமுன் ஒரு படிவம். படுத்துப் பயிற்சி செய்யும் மேட்டின் எண், பழைய காயம், அறுவைச் சிகிச்சை, சமீபத்திய இழப்பு. படிவம் வாங்காமல் எவர் உடம்பிலும் கை வைக்காதே என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம். அதனால் ஒருவரும் யோசிக்கவில்லை. ஒன்று விடாமல் எழுதிக் கொடுத்தார்கள். பத்து நிமிடம் கழித்து மாஸ்டர் அதையே திருப்பிச் சொன்னதும் வாயைப் பிளந்தார்கள்.

அவனுக்கு நாற்பத்தொன்றாம் மேட். நாற்பத்திரண்டில் ஒரு அக்கா, வலது முழங்காலில் உலோகத் தட்டு வைத்தவள், சாப்பாடு நன்றாக இருக்கும் என்று வந்தவள்.

"தம்பி, நேத்து மூணு பேர் அழுதாங்களே, செத்துப்போனவங்க மூணு பேரும் என்ன சொன்னாங்க?"

"நிம்மதியா இருக்கேன், அழாதே."

"மூணு பேரும் ஒரே டியூஷன் போலிருக்கு. மேட் மாத்திக்குவோமா?"

அவன் தயங்கினான். மாற்றினால் அத்தைக்குக் கொண்டுபோக ஒன்றும் கிடைக்காமல் போகலாம்.

"நிஜமாவே உடம்பு பேசுதுன்னா, எந்த மேட்ல படுத்தாலும் பேசணும்ல?" என்றாள் அக்கா.

மாறிப் படுத்தான்.

மாஸ்டர் வந்தார். வெள்ளை உடை, காதோரம் மைக், கையில் டேப்லெட். ஆற்றலை அளக்கிற கருவியாம். அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அக்காவின் இடுப்பில் கை வைத்துக் கண்ணை மூடினார்.

"எட்டு மாசம். உங்க துணை போயிட்டார். ஆனா இங்கதான் இருக்கார்." இடுப்புப் பக்கம் காதைச் சாய்த்தார். "சொல்றார்… நான் நிம்மதியா இருக்கேன். அழாதே."

"நிம்மதியாவா?" அக்கா எழுந்து உட்கார்ந்தாள். "அரை மணி முன்னாடி சாக்ஸைக் காணோம்னு போன்ல கத்தினாரே!"

எங்கோ ஒருவர் சிரித்தார். மாஸ்டர் சிரிக்கவில்லை.

"சில சமயம் பக்கத்து உடம்போட அலை கலந்துடும்" என்று அவன் பக்கம் திரும்பினார். டேப்லெட்டைப் பார்த்தார். கண்ணை மூடினார். "இவர் வலி வேற. வலது முழங்கால். உள்ளே உலோகம்."

அவன் எழுந்தான். இடது காலை முன்னால் நீட்டி, வலது காலில் மட்டும் தரைவரை உட்கார்ந்து எழுந்தான். மூன்று முறை. முழங்கால் சத்தம்கூடப் போடவில்லை.

"இந்தக் கால்ல கத்தி பட்டதே இல்ல. தட்டு இருக்கறது அக்கா கால்ல. நாங்க மேட் மாறிப் படுத்தோம்."

அக்கா டேப்லெட்டைப் பிடுங்கி உயர்த்திக் காட்டினாள். நாற்பத்திரண்டாம் எண் படிவத்தின் படம், அவள் கையெழுத்தோடு.

"பாருங்கப்பா, நான் சிந்தின காபிக் கறைகூட தசையில பதிவாயிருக்கு!"

பாதிப் பேர் மாஸ்டரைத் தேடினார்கள். அவர் பின்வாசல் வழியாக ஓடியபடி, மாநாட்டிலேயே எவரும் காட்டாத வேகத்தில் இடுப்புத் தசையைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார். மீதிப் பேர் அக்காவை முறைத்தார்கள். "நிம்மதியா அழுதுட்டிருந்தோம், கெடுத்துட்டீங்களே" என்றாள் ஒருத்தி.

தாராளமாக நம்புங்கள். அதற்கு முன் ஒரு முறை மேட் மாறிப் படுத்துப் பாருங்கள். கழுத்துக்கு மேலேயும் ஒரு உறுப்பு இருக்கிறது. அதற்கும் அவ்வப்போது பயிற்சி வேண்டும்.

அவன் வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து அத்தையைக் கூப்பிட்டான்.

"மாஸ்டர் சொன்னாரா மாப்ள?"

"அவருக்குத் தெரியாது அத்தை. எனக்குத் தெரியும். ஞாபகமில்லைன்னு பொய் சொன்னேன்."

"சொல்லுங்க மாப்ள."

அன்று காலை வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல் மனைவி கத்தியதை, அதே சத்தத்தில் சொன்னான்:

"ஈரத் துண்ட கட்டில் மேல போடாதேன்னு எத்தனை வாட்டி சொல்றது?"