அப்பாவுக்குப் பசிக்கவில்லை

இரண்டாவது வாரமாக அப்பா தட்டைத் தள்ளி வைத்தார்.

"பசிக்கலம்மா."

மகள் தையல்காரி. அளந்து பார்த்தாள். இடுப்பு இரண்டு அங்குலம் குறைந்திருந்தது. அரண்டுபோய் டாக்டரிடம் ஓடினாள்.

"ஒரேயடியா நிறைய வைக்காதீங்க" என்றார் டாக்டர். "சின்னத் தட்டுல, ஆறு வேளையா குடுங்க. சாப்பாட்டுக்கு முன்னாடி கொஞ்சம் நடக்கட்டும். யாராவது கூட உக்காந்து சாப்பிடுங்க."

ஆறு வேளை கொடுத்தாள். ஆறு தட்டும் அப்படியே திரும்பி வந்தன. வீணாக்கக் கூடாதென்று கணவன் அவற்றைக் காலி செய்ததில் அவன் சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்து சூப்பில் விழுந்தது.

நடக்கக் கூட்டிப் போனாள். அப்பா களைத்து வந்து, சாப்பிடாமலே தூங்கிவிட்டார்.

துணைக்குக் கணவனை உட்கார வைத்தாள். அவன் லிஃப்ட் மெக்கானிக். கயிறு அறுந்த கதையாகச் சொன்னான். அப்பா கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"வேற கதையே கெடைக்கலையா உங்களுக்கு?" என்றாள் மகள்.

"எனக்குத் தெரிஞ்சது அதானே."

ரத்தப் பரிசோதனை செய்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. அதனாலேயே அவள் இன்னும் பயந்துபோனாள். அண்ணனுக்குப் போன் செய்து அழுதாள்.

மறுநாளே அண்ணன் நான்கு பெட்டிகளோடு வந்து இறங்கினான். நேரே போய் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மனசுல என்ன ஆசை இருந்தாலும் சொல்லிடுங்கப்பா."

அதுவரை அப்பா பாலாவது குடித்துக்கொண்டிருந்தார். அவன் கேட்ட பிறகு அதையும் நிறுத்திவிட்டார்.

அப்போது அழைப்பு மணி அடித்தது. வாசலில் ஒரு பெரியவர், கன்னம் இரண்டும் உப்பி, வேர்க்கடலை மென்றபடி நின்றார்.

"போன மாசம் கண் ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரில இருந்தப்ப, உங்கப்பாவுக்குப் பக்கத்துக் கட்டில் நான். பல்செட்டைக் கழட்டி ஒரே மேசைல வெச்சிருந்தோம். கிளம்பறப்ப கட்டு அவிழ்க்காத கண்ணோட, ஆளுக்கு ஒண்ணை எடுத்து மாட்டிக்கிட்டோம்."

எல்லோரும் அப்பாவின் வாயையே பார்த்தார்கள். அப்பா மெதுவாகத் தாடையைத் தடவினார்.

"வயசானா மெல்றப்ப இப்படித்தான் வலிக்கும்னு நெனச்சேன். சொன்னா பயப்படுவீங்களேன்னு..."

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு கிண்ணத்தில் தண்ணீர் கொண்டு வந்து பெரியவர் முன் வைத்தாள்.

"கழட்டி இதுல போடுங்க, ஐயா."

பெரியவர் இரண்டடி பின்னால் போனார்.

"திருப்பிக் குடுக்க வரலைம்மா. இது எனக்கு அவ்வளவு சௌகரியமா இருக்கு, எங்க செஞ்சதுன்னு கேட்டுட்டுப் போக வந்தேன்."