சேம்பிள் அண்ணனின் பல் தடம்

திண்டிவனத்திலேயே பொய் சொல்லாத பல் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது சேம்பிள் அண்ணனின் முன்பல். மல்லாட்டை மண்டியில் மூட்டைக்கு மூட்டை வேர்க்கடலைப் பருப்பைக் கடித்து, ஈரமா காய்ந்ததா என்று சொல்வது அவர் வேலை. அதனால்தான் அந்தப் பெயர். வீட்டில் வைத்த பெயர் அவர் மனைவிக்காவது ஞாபகம் இருக்குமா, சந்தேகம்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் அதே பல் விழுப்புரத்துக்கு ரயிலேறும். ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு டீக்கடையில், கட்டைவிரல் உயர ரப்பர் மல்யுத்த வீரர்களைச் சேர்க்கும் பைத்தியங்கள் பத்துப் பேர் கூடுவோம். எல்லாருக்கும் நாற்பது வயதுக்கு மேல். பொம்மையை மாற்றிக்கொள்ளும் முன், டூப்ளிகேட்டா என்று பார்க்க வேண்டுமே. ஒரிஜினலிலிருந்து அச்செடுத்து வார்ப்பதால் டூப்ளிகேட் ஒரு நூல் சுருங்கியிருக்கும், மூக்கும் முழியும் மழுங்கியிருக்கும். நாங்கள் லென்ஸ், ஸ்கேல் என்று அல்லாடுவோம். சேம்பிள் அண்ணன் அதை வாங்கி ஒரு மோப்பம் பிடிப்பார், குதிகாலில் ஒரு கடி கடிப்பார்.

"ஒரிஜினலு பல்லுக்கு எடம் குடுக்கும். டூப்ளிகேட்டு மொறைக்கும். இதுக்கு இன்னாத்துக்குப்பா லென்சு?"

ஒரிஜினலில் மட்டும்தான் அவர் பல் தடம் நிற்கும். நாளடைவில் அதுவே முத்திரையாகிவிட்டது. தடம் இல்லாத வீரனை யாரும் தொடமாட்டோம்.

வந்தது வினை. முகையூர் வாத்தியார் ஒருவர், குதிகாலில் தடம் இருந்த ஒரு சிவப்பு வீரனைப் போனில் பார்த்து மயங்கி, முன்பின் தெரியாத ஒருவனுக்குத் தன்னுடைய ஏழு வீரர்களை அனுப்பி வாங்கிவிட்டார். கழுவினால் கையெல்லாம் சிவப்புச் சாயம். மனுஷன் நேரே டீக்கடைக்கு வந்துவிட்டார்.

"உங்க பல்ல நம்பித்தான ஏழு பொம்மைய குடுத்தேன்? டூப்ளிகேட்டையும் கடிச்சிக் குடுக்கறீங்களா?"

சேம்பிளின் முகம் சுண்டிப்போனது. இது மண்டியின் காதுக்குப் போனால் அவர் பேச்சை அங்கேயும் எவன் நம்புவான்?

சேம்பிள் எழுந்தார். கடையில் ஒரு குளியல் சோப்பு வாங்கினார். பிரித்தார். கடித்தார்.

நாங்கள் முண்டியடித்துப் பார்த்தோம். அவர் முன்பல் கோணல், சோப்பில் தடம் சாய்வாக விழுந்திருந்தது. வாத்தியாரின் வீரன் காலில் இருந்ததோ நேராக, யாரோ கம்பியைச் சுடவைத்து இழுத்த தடம். பொம்மைக்குத்தான் டூப்ளிகேட் பார்த்திருக்கிறோம், கடித்த தடத்துக்குமா? எனக்கு விசிலடிக்க வேண்டும்போல இருந்தது.

சேம்பிள் அதோடு விட்டிருக்கலாம். நுரையைத் துப்பிவிட்டு, "இப்ப பாருங்க சார், இதுல என் பல்லு எறங்கவே எறங்காது" என்று சிவப்பு வீரனை ஓங்கிக் கடித்தார்.

தடம் விழவில்லை. பல் விழுந்தது.

பதறிப்போன வாத்தியார்தான் அவரைப் பல் டாக்டரிடம் அழைத்துப் போனார். அடுத்த மாதம் சேம்பிள் புதுப் பல்லோடு வந்தார். பளபளவென்று, நேராக. நான் ஆசையாக ஒரு வீரனை நீட்டினேன். அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"டூப்ளிகேட்டு பல்ல வச்சிக்கினு ஒரிஜினல் சொல்லக் கூடாதுபா. தப்பு."

இப்போது நாங்கள் லென்ஸோடு அல்லாடுகிறோம், அடிக்கடி ஏமாறுகிறோம். அவர் டீ குடிக்க மட்டும் ஞாயிறு தவறாமல் வருகிறார். வாத்தியார்தான் இடம் போட்டு வைக்கிறார். ரயில் லேட்டானால், அவர் வந்து உட்காரும்வரை எங்களில் யாரும் பொம்மைப் பையைத் திறப்பதில்லை.