தாய்மாமனுக்கு ஒரே ஒரு விநாடி

"என்ன மாப்ள, கருப்பு அண்ணன் பேரு வரவே இல்ல?" என்றான் தவ்பீக்.

"வந்துச்சு. நீ கண்ணச் சிமிட்டியிருப்ப" என்றான் ஹரிஷ்குமார்.

தவ்பீக் கேமராக்காரன். கண்ணைச் சிமிட்டாமல் பார்ப்பதுதான் அவன் பிழைப்பு. "மறுபடி போடு" என்றான். இருவரும் கம்ப்யூட்டரில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தார்கள். பெரிய மீசையோடு ஒரு புகைப்படம் வந்தது. அதன் கீழே 'கருப்பு' என்று எதுவோ மின்னியது, போய்விட்டது.

ஹரிஷ் இன்னொரு தடவை ஓட்டினான். இன்னொரு தடவையும் போய்விட்டது.

திருமங்கலத்தில் ஒரு கல்யாண மண்டபம். அன்று சிவனாண்டியின் மகளுக்குக் காதுகுத்து. மண்டபத்தில் பெரிய திரை கட்டி, சொந்தபந்தம் அத்தனை பேரின் பெயரையும் புகைப்படத்தோடு ஓடவிடுகிறேன் என்று வாய் விட்டவன் ஹரிஷ்தான். ஆரப்பாளையத்தில் அவனுக்கு, விசேஷ வீட்டு வீடியோவை வெட்டி ஒட்டிக் கொடுக்கும் ஒரு மிக்ஸிங் கடை. அங்கிருந்த ஒரே கம்ப்யூட்டரையும் தூக்கிக்கொண்டு வந்து, மேடைக்குப் பின்னால் இருந்த அறையில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தான்.

நூற்று இருபது பெயரைக் கையால் நகர்த்தினால் முதுகு ஒடிந்துவிடும். அதனால் அவன் எக்ஸ்பிரஷன் என்ற வித்தையில் இறங்கியிருந்தான். அனிமேஷன் மென்பொருளில் ஒரே ஒரு விதி எழுதி வைத்தால் போதும். பட்டியலைப் பார்த்து முதல் படத்துக்கு முதல் பெயர், இரண்டாம் படத்துக்கு இரண்டாம் பெயர் என்று கம்ப்யூட்டரே எடுத்துப் போட்டு, அதுவே ஓட்டி, அதுவே நிறுத்தும். ஜனங்கள் வாசிக்க நேரம் வேண்டுமே என்ற நல்லெண்ணத்தில், எழுத்துக்குக் கால் விநாடி என்று அவன் கணக்கு வைத்திருந்தான். அந்தக் கணக்கில், பந்தல் போட்ட மீனாட்சிசுந்தரபாண்டியன் மூன்று விநாடிக்கு மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். குழந்தையின் தாய்மாமன் கருப்புக்குக் கிடைத்தது ஒரே ஒரு விநாடி.

வேறு மாமனாக இருந்தால் பரவாயில்லை. போன வருஷம் ஒரு கல்யாணப் பத்திரிகையில் தன் பெயர் மூன்றாவதாக வந்திருக்கிறது என்று வீட்டில் சொல்லக் கேட்டு, ஆயிரம் பத்திரிகையையும் அச்சகத்து வாசலிலேயே போட்டுக் கொளுத்தியவர் கருப்பு. அந்த அச்சகக்காரர் இன்றுவரை திருமங்கலம் வழியாகப் போகும் பஸ்ஸில்கூட ஏறுவதில்லை என்று சொல்கிறார்கள்.

தூரத்தில் கொட்டுச் சத்தம் கேட்டது. தாய்மாமன் சீர் கிளம்பிவிட்டது.

சிவனாண்டி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். "தம்பி, மச்சான் பேரப் பாக்கலாம்னு நின்னேன். ஒரு தும்மல் போட்டேன். அதுக்குள்ள போயிருச்சு. அவரு வந்து தும்முனாருன்னா நம்ம கதி என்னாகும்?"

"பத்து நிமிஷம் குடுங்கண்ணே. சரி பண்ணி ரெண்டர் போட்டு, புதுப் படமா எடுத்துர்றேன்."

"பெருசா, நெறைய நேரம் நிக்கணும். எனக்கு இருக்கிறது ஒரே மச்சான், ஒரே உசுரு" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

ஹரிஷ் விதியை மாற்றினான். பெயர் எவ்வளவு சின்னதோ அவ்வளவு பெரிதாகத் தெரியட்டும், அவ்வளவு நேரம் நிற்கட்டும் என்று எழுதினான். அவன் விரல்கள் தட்டச்சுப் பலகையில் பட்டதைவிட மேஜையில் பட்டதுதான் அதிகம். பயம் வந்தால் அவனுக்குத் தமிழ் மறந்துவிடும். வீட்டில் பேசும் சௌராஷ்டிரத்தில் எல்லாச் சாமிகளையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

பத்து நிமிஷம் கழித்துப் போட்டுப் பார்த்தார்கள். நாலெழுத்துப் பெயர் வளர்ந்தது, வளர்ந்தது, வளர்ந்துகொண்டே போய்த் திரையைத் தாண்டியது. நடுவில் 'ருப்' மட்டும் நின்றது. அதுவும் நெடுநேரம் நின்றது.

"யா அல்லா" என்றான் தவ்பீக். "மாப்ள, தலையையும் வாலையும் வெட்டிட்டியேடா."

கொட்டுச் சத்தம் பஸ் ஸ்டாண்டு பக்கம் வந்திருந்தது. முதல் வேட்டு வெடித்தது. ஹரிஷ் நாற்காலியிலிருந்து ஒரு சாண் எழும்பி உட்கார்ந்தான்.

அளவைக் குறைத்தான். வெறுமனே நின்றால் கெத்தாக இருக்காதே என்று, பெயர் காற்றில் லேசாக அசைகிற மாதிரி இன்னொரு வரியும் சேர்த்தான். இது ஏன் என்று கேட்காதீர்கள். பயந்தவன் கை சும்மா இருக்காது. ஐந்து என்று அடிக்க வேண்டிய இடத்தில் அந்தக் கை ஐம்பது என்று அடித்தது.

இந்த முறை சிவனாண்டியும் பின்னால் வந்து நின்று பார்த்தார். திரையில் 'கருப்பு' முழுசாக, தங்க நிறத்தில் வந்தது. வந்த நிமிஷத்திலிருந்து வெடவெடவென்று நடுங்கியது.

"மச்சான் பேரு எதுக்குத் தம்பி இந்த நடுக்கம் நடுங்குது?" சிவனாண்டி தலையில் கை வைத்தார். "அவரு யாரப் பாத்துப் பயப்படுறாரு? மொதல்ல என் பேரத்தேன் நடுங்க விடணும்."

"சீர் மண்டபத் தெருவுக்குள்ள வந்துருச்சு!" என்று வெளியே யாரோ கத்தினார்கள்.

ஹரிஷுக்கு விதிகளின் மேல் இருந்த நம்பிக்கையெல்லாம் போய்விட்டது. இனி அந்த ஒரு பெயருக்கு விதியே வேண்டாம், மற்றவர்கள் எக்கேடும் கெடட்டும் என்று முடிவு செய்தான். நடுங்க வைத்த வரியை அழித்தான். பட்டியலிலிருந்து கருப்பை எடுத்தான். தனியாக, கையாலேயே அந்தப் பெயரைத் தட்டினான். ஆடாமல் அசையாமல் நிறுத்தினான். ரெண்டர் போட்டான்.

பத்து நிமிஷத்தில் கம்ப்யூட்டர் வேலையை முடித்தபோது கொட்டு மண்டபத்துக்குள்ளேயே முழங்கியது.

"போட்டுப் பாக்க நேரமில்ல மாப்ள. நேரா ஓட்டுறேன்" என்று தவ்பீக் திரைக்கு இணைப்பைக் கொடுத்தான்.

ஹரிஷ் கதவிடுக்கு வழியாக எட்டிப் பார்த்தான். தலைப்பாகையோடு கருப்பு வந்துகொண்டிருந்தார். பின்னால் பட்டும் பழமுமாக ஐம்பது தாம்பாளங்கள். அதில் முதல் தாம்பாளத்தை ஏந்தி, தலை நிமிராமல் வந்தது அவர் மனைவி தங்கப்பொண்ணு.

திரையில் மேலே 'தாய்மாமன்' என்று வந்தது. அடுத்துக் கருப்பின் புகைப்படம், முறுக்கிய மீசையோடு. அதன் கீழே தங்க நிறத்தில், தெள்ளத் தெளிவாக, கண் கொட்டாமல் நின்றது பெயர்: சோணையம்மாள்.

சோணையம்மாள் சிவனாண்டியின் சித்தி. பட்டியலில் கருப்புக்கு அடுத்து, இரண்டாவது. கருப்பை எடுத்ததும் கம்ப்யூட்டர் சொன்ன பேச்சு மாறாமல் எல்லார் பெயரையும் ஒரு படி மேலே ஏற்றிவிட்டது. கையால் தட்டிய கருப்பு, தன் புகைப்படத்துக்குப் பின்னாலேயே ஒளிந்துகொண்டிருந்தது.

கொட்டு நின்றது. மண்டபத்தில் ஐந்நூறு பேர். ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. சிரிப்பு வந்தவர்கள் குழந்தைகளின் முதுகுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார்கள். சிவனாண்டி தூணைப் பிடித்துக்கொண்டார். தவ்பீக் சத்தமில்லாமல் செருப்பைத் தேடினான்.

கருப்பு அண்ணாந்து திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"யாருப்பா இதச் செஞ்சது?"

பத்துக் கைகள் மேடைக்குப் பின்னால் காட்டின. நாலு பேர் ஹரிஷைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்தினார்கள். கம்ப்யூட்டர் போகும், கடை போகும், கை கால் மிஞ்சினால் போதும் என்று அவன் நினைத்தான். கண்களை இறுக மூடிக்கொண்டான்.

தோளில் கனமான ஒரு கை விழுந்தது. இன்னொரு கை அவனை இழுத்து அணைத்தது.

"அம்புட்டுப் பேரு முன்னாடி என்னய இப்படி ஒசத்திட்டியே தம்பி!" கருப்பின் கண்ணில் நீர் முட்டியது. "எத்தனையோ விசேஷம் பாத்துட்டேன். இப்பத்தேன் மனசு நெறஞ்சிருக்கு." தன் தோளில் கிடந்த பட்டுத் துண்டை எடுத்து ஹரிஷுக்குப் போர்த்தினார். கொட்டு மறுபடி முழங்கியது. மண்டபமே கை தட்டியது.

ஹரிஷுக்கு அழுகையே வந்துவிட்டது. தப்பைப் பார்த்தும் சபையில் காட்டிக்கொடுக்காத இந்தப் பெரிய மனுஷனுக்குப் போய் இப்படிப் பயந்தோமே என்று வெட்கப்பட்டான். கருப்பு குழந்தையை மடியில் வாங்க மேடையேறியதும், துண்டின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

தாம்பாளத்தை இறக்கி வைத்துவிட்டு அவன் பக்கத்தில் வந்த தங்கப்பொண்ணு, அப்போதுதான் முதல்முறையாக அவன் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். சேலைத் தலைப்பை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு மெல்லச் சொன்னாள்.

"அவுகளுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது தம்பி, எனக்குத் தெரியும்."