வாய்க்கால் இல்லாத மென்பொருள்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்த நாளுக்கும் சக்கரத்தை உருட்டிவிட்ட நாளுக்கும் அடுத்தபடியாகக் குறித்துவைக்க வேண்டியது, இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு பங்குனி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை. அன்றுதான் பாபநாசத்தில், உரக்கடை மாடியில் இயங்கிய 'டெல்டா ட்ரீம் ஹோம்ஸ்' நிறுவனத்தின் "மென்பொருள் தேர்வுக் குழு" கூடியது.

குழுவில் இருவர். தலைவர் செந்தில்குமார், நிலத் தரகராக இருந்தவர், பெயர்ப்பலகையை மாற்றியதும் 'பில்டர்' ஆகிவிட்டார். உறுப்பினர் வானதி, சிவில் டிப்ளமோ படித்தவள், அங்கே கணினியைப் பயமில்லாமல் தொடக்கூடிய ஒரே ஜீவன். பார்வையாளராக சஃபியா வந்திருந்தாள். அவள் கணவர் ஜாஹித் துபாயிலிருந்தபடியே, மேசைமேல் ஸ்பீக்கரில் கிடந்த செல்போனுக்குள் வீற்றிருந்தார். தங்கள் புது வீட்டை முப்பரிமாணத்தில் வரைந்து காட்டினால்தான் ஒப்பந்தம் என்று சொல்லியிருந்தார்.

"இங்கெல்லாம் பெட்டிக்கடைக்கே த்ரீ-டிதான் செந்தில்," என்றது செல்போன்.

"போட்ருவோம் பாய்!"

முதல் மென்பொருளின் விலை ஒரு டிராக்டரின் விலை. ஒரு மாதம் மட்டும் இலவசம். அதற்கு ஒரு கெட்ட பழக்கமும் இருந்தது: வீட்டைப் பற்றிப் பேசுமுன் நிலத்தின் ஏற்ற இறக்கத்தைக் கேட்கும். வானதி, வீரையன் கொத்தனாரின் மட்டம் பார்க்கும் ட்யூப் லெவலைக் கடன் வாங்கிப்போய், மனை முழுவதும் அளந்து வந்து உள்ளே கொடுத்திருந்தாள். அது கூச்சமே இல்லாமல் எல்லாவற்றையும் வரைந்துவிட்டது. மனை ரோட்டைவிட முழங்கால் அளவு பள்ளம். வரவேற்பறையின் குறுக்கே ஒரு நீலக்கோடு.

செந்தில்குமார் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார். "ஹால்ல என்னம்மா கோடு?"

"வடிகால் வாய்க்கால் சார். அறுபது ஏக்கர் தண்ணி அதுலதான் வடியுது. எங்கப்பா வயலும் அதுல ஒண்ணு."

"கஸ்டமர் முன்னாடி உண்மையப் போட்டு உடைக்கிற சாப்ட்வேரு நமக்குக் கட்டுப்படியாகாது. அடுத்தது?"

அடுத்தது இலவசம். பிரவுசிங் சென்டரில் ஒரு பகல் முழுக்க இறக்கியது. அது நிலத்தைப் பற்றி யாரையும் ஒரு கேள்வி கேட்கவில்லை. தானே பச்சைக் கம்பளம்போல ஒரு தரையை விரித்து, பின்னால் பனிமலை ஒன்றையும் நிறுத்திவிட்டது.

"சோபா எத்தனை இருக்கு?"

"இருநூத்திப் பதினாலு சார்."

"வாய்க்கா?"

"இல்ல சார். அன்னம் இருக்கு."

"தண்ணி இல்லாம அன்னமா?"

"தரையிலயே நிக்கும் சார்."

"இது பாஸ்!" என்றார் தலைவர்.

சஃபியா எட்டிப் பார்த்தாள். "ஏங்க, அங்க ஒரு வாய்க்கா ஓடுமே? நான் கல்யாணமாகி வந்தப்ப செருப்பக் கையில தூக்கிக்கிட்டுத் தாண்டினேனே?"

"படத்துல இருக்கா பாருங்க சிஸ்டர்."

"இல்ல."

"படத்துல இல்லேன்னா விடு சஃபியா," என்றது செல்போன். "கார் படியில்லாம நேரா உள்ள போகணும். அதான் முக்கியம்."

வானதி சொல்ல வாயெடுத்தாள். பிரவுசிங் சென்டரை விட்டால், அந்த ஊரில் அவளுக்குத் தெரிந்த இன்னொரு கணினி ஓர் அரசு அலுவலகத்தில், உறை போட்டுப் பொட்டு வைத்திருந்தது. வேறு வேலைக்கு எங்கே போவது? வாயை மூடிக்கொண்டு, நூற்றுப் பதினேழாம் எண் சோபாவை வரவேற்பறையில் போட்டாள். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

சித்திரையில் வீரையன் கொத்தனார் அந்த வண்ணப் படத்தோடு மனையில் இறங்கினார். நேர்மையான மனிதர், படத்தில் இல்லாத எதையும் மனையில் விட்டுவைக்க மாட்டார். இரண்டே நாளில் வாய்க்கால் தூர்ந்தது. படத்துக்கும் தரைக்கும் இருந்த "முரண்பாடு களையப்பட்டது".

மூன்றாம் நாள், வானதியின் அப்பா பக்கிரி மாடியேறி வந்தார். கையில் மடித்த பழைய புல வரைபடம்.

"தம்பி, இதுல வாய்க்கா இருக்கு பாருங்க."

"ஐயா, அது ரெண்டே பரிமாணம். நாம மூணாவதுக்கு வந்தாச்சு," என்றார் செந்தில்குமார். "சந்தேகம்னா உங்க பொண்ணையே கேளுங்க. படம் போட்டது அதுதான்."

பக்கிரி திரையருகே குனிந்தார். வானதி விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது என்ன பாப்பா, வெள்ளையா?"

"பனிமலைப்பா."

"நம்ம வயலு?"

"அதுக்கு... அடியில வருது."

"ஓ," என்றார் பக்கிரி. வரைபடத்தை முன்பிருந்த மடிப்பிலேயே மடித்துக்கொண்டு இறங்கிப் போனார். ஆவணியில் வழக்கம்போல சம்பாவுக்கு நாற்று விட்டார். வேறென்ன தெரியும் அவருக்கு?

ஐப்பசி முதல் வாரம் சஃபியா குடிபோனாள். வீடு அச்சு அசலாகப் படத்தைப்போலவே இருந்தது. சிமென்ட் அன்னம் உட்பட. இரண்டாம் வாரம் மழை பிடித்துக்கொண்டது. அறுபது ஏக்கர் தண்ணீரும் பழைய பழக்கத்தில் பழைய வழியாகவே வந்தது. அதற்கு யாரும் படத்தைக் காட்டியிருக்கவில்லை.

நான்காம் நாள் காலை சஃபியா போன் செய்தாள். "வானதி, சோபா மிதக்குதும்மா. அன்னம் முங்கிப்போச்சு."

செந்தில்குமார் உடனே குழுவைக் கூட்டினார். "பதறாத. அந்தச் சாப்ட்வேர்ல தண்ணிய அழிக்கிறதுக்கு ஏதாச்சும் பட்டன் இருக்கான்னு பாரு."

வானதி முதல் தடவையாக, அவர் சொன்னதைச் செய்யாமல், கணினியை அணைத்துவிட்டு எழுந்தாள். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அப்பாவின் வயலில் வரப்பென்று ஒன்று இருந்த இடத்தில் நடந்தாள். நட்டு ஒரு மாதமான பயிர் நுனிகூடத் தெரியவில்லை. நடுவில், இடுப்பளவு தண்ணீரில், பக்கிரி கிழக்கே அந்த வீட்டைப் பார்த்தபடி நின்றார். அவளைப் பார்த்ததும், கோபமே இல்லாமல், வழி கேட்பதுபோலக் கேட்டார்:

"பாப்பா, இங்க ஒரு மலை போட்டிருந்தியே, அது எந்தப் பக்கம்? ஏறி நிக்கணும்."