வட்டவளையில் கவிழ்ந்த பாய்க்கப்பல்

கப்பல் கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே என்பார்கள். அதைச் சொன்னவர் யாரோ, ஒரு கப்பலையாவது கண்ணால் பார்த்திருப்பார். எனக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. கடலுக்கு வெகு உயரத்தில், மேகத்துக்குள், ஒரு ரயில்வே பிளாட்பாரத்தில், சொட்டுக் கடல் தண்ணீர் இல்லாமல் கப்பலைக் கவிழ்த்தவன் நான். (மழைத் தண்ணீர் நிறைய இருந்தது. ஆனால் வட்டவளையில் அதை யாரும் தண்ணீர் என்று மதிப்பதில்லை.)

அப்போது நான் வட்டவளைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் சின்னக் கிளாக்கர். பெரிய கிளாக்கர் தும்மினால் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துவதுதான் என் உத்தியோகம். ஆனாலும் அவர் வாசித்து முடித்த பேப்பர் அடுத்ததாக என் மேசைக்குத்தான் வரும். அதனால் உலக விவகாரமெல்லாம் எனக்கு ஒருநாள் பிந்தி அத்துப்படி. லயத்து வரிசை வீட்டு ஆட்கள் என்னிடம் வந்து "ஐயா, நாட்டுல என்னங்க சேதி?" என்று கேட்கும்போது, அந்தச் சேதியையெல்லாம் நானே நடத்திவைத்ததுபோலப் பதில் சொல்வேன். அப்படியொரு மேதாவி.

இந்த மேதாவிக்கு லிந்துலையில் பெண் பார்த்திருந்தார்கள். பெண்ணின் தகப்பனார் ராமையா, அங்கே ஒரு தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. மலையில் ஆட்களிடம் வேலை வாங்கி வாங்கி, வீட்டில் தண்ணீர் கேட்டால்கூட அடுத்த மலைக்குக் கேட்கும் குரல். மகள் மரகதம். பெண் பார்க்கப் போன அன்று அவள் குனிந்த தலை நிமிராமல் தேத்தண்ணி கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். அவளுடைய வகிடு நேராக இருக்கிறது என்பது மட்டும்தான் எனக்கு உறுதியாகத் தெரிந்த செய்தி.

ராமையா மாமா ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். "கப்பலேறுற மாப்பிள்ளைக்குப் பொண்ணு குடுக்கறதா இல்ல."

அந்தக் காலத்தில் தோட்டத்தில் கப்பல் என்றால் ஒரே அர்த்தம்தான்: இந்தியாவுக்குப் போவது. நாடு சுதந்திரம் வாங்கியதும், இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த எங்கள் ஆட்களுக்கு ஓட்டும் போயிற்று, பிரஜாவுரிமையும் போயிற்று. இருப்பதா போவதா என்று வீட்டுக்கு வீடு அதே பேச்சு. மாமாவின் கூடப் பிறந்த அக்கா குடும்பத்தோடு தலைமன்னார் போய்க் கப்பலேறியவர்தான். அப்புறம் முகத்தையே பார்க்கவில்லை. மாமா பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டுவிட்டு, பதிலுக்காகத் தினமும் தபால்காரனை முறைத்துக்கொண்டிருந்தார். நானும் என் அம்மாவும் இங்கேதான் இருப்போம் என்று சத்தியம் செய்த பிறகுதான் வெற்றிலைத் தாம்பாளம் மாற்றினார்கள். வைகாசியில் கல்யாணம்.

தாம்பாளம் மாற்றிவிட்டால், தாலி கட்டும்வரை மாப்பிள்ளை பெண் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. அதுதான் எங்கள் வழக்கம். அந்த வகிட்டுக்குக் கீழே ஒரு முகம் இருக்குமே, அதைப் பார்க்க என்ன வழி என்று நான் யோசித்துக்கொண்டிருந்த வேளையில்தான் பேப்பரில் அந்தச் செய்தி வந்தது. வெளிநாட்டுப் பாய்மரக் கப்பல்கள் கொழும்புத் துறைமுகத்துக்கு வருகின்றனவாம். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பொதுஜனங்கள் மேலே ஏறியும் பார்க்கலாமாம். பனைமரத்தை ஒன்றின் மேல் ஒன்றாக நட்டதுபோலப் பாய்மரங்கள், துணிக்கடையையே கொடியில் காயப்போட்டதுபோலப் பாய்கள். படத்தைப் பார்த்ததும் எனக்கு மூளை வேலை செய்யத் தொடங்கிவிட்டது. (அது வேலை செய்த நாட்களில்தான் எனக்குச் சேதம் அதிகம்.)

என் திட்டத்தைக் கேளுங்கள். கொழும்புக்குப் போகும் காலை ரயில், எங்கள் பேச்சில் கோச்சி, தலவாக்கலை வழியாகத்தான் வரும். பெண் வீட்டார் அங்கே ஏறுவார்கள். நானும் அம்மாவும் வட்டவளையில் ஏறுவோம். நான் வீட்டு வாசலை மிதிக்கவில்லை, கோச்சியைத்தான் மிதிக்கிறேன். வழக்கத்துக்கும் பங்கமில்லை. பெரியவர்கள் ஒரு பெஞ்சில், நான் அவளுக்கு எதிர்ப் பெஞ்சில். வழியில் சுரங்கங்கள் வேறு இருக்கின்றன. சுரங்கத்துக்குள் கோச்சி நுழையும்போது நான் "பயப்படாதீங்க" என்று சொல்ல வேண்டும் என்பதுவரை தீர்மானித்திருந்தேன். கப்பலைப் பார்த்துவிட்டு ராத்திரி மெயிலில் திரும்பிவிடலாம். பெரிய கிளாக்கரிடம் ஒரு கோட்டும், கையில் பிடித்தால் கௌரவமாக இருக்குமே என்று ஒரு பெரிய தோல் பெட்டியும் இரவல் வாங்கினேன்.

லிந்துலைக்குச் செய்தி சொல்ல ஆள் வேண்டுமே. ஹட்டனில் புடவைக்கடை வைத்திருந்த பாய், இரண்டு வீட்டுக்கும் சீலை கொடுப்பவர். சம்பந்தத்துக்கு முதலில் பேச்செடுத்தவரும் அவர்தான். ஊரே அவரைப் பாய் என்று கூப்பிட்டதால் அவருடைய பெயர் அவருக்கே மறந்திருக்கும். அவருக்குப் பூர்வீகம் காயல்பட்டினம். அங்கிருந்து சரக்குத் தோணிகள் பாய் விரித்துக் கொழும்புக்கு வந்து போகுமாம். அதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. முன்னாலேயே தெரிந்திருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன்.

கடையில் ஒரே கூட்டம். நான் கண்ணாடி முன்னால் அந்தக் கோட்டைப் போட்டு அழகு பார்த்தபடியே, ஞாயிற்றுக்கிழமைக் காலைக் கோச்சியில் எல்லோரும் கொழும்புக்கு வரவேண்டும், பாய்க்கப்பலுக்குப் போகிறோம் என்று லிந்துலையில் சொல்லச் சொன்னேன். துணி கிழித்துக்கொண்டிருந்த பாய் தலையைத் தூக்கினார்.

"பாய்க்கப்பலா? நம்ம ஆளுங்க கப்பலா தம்பி? தூத்துக்குடிப் பக்கம் போறதா?"

எனக்குக் காதில் விழுந்தது பாதி. மீதியைக் கோட்டின் கழுத்துப்பட்டி மறைத்துவிட்டது. "ஆமா பாய்" என்றேன்.

உலகத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ ஆமா சொல்லியிருப்பார்கள். இப்படி ஒரு ஆமா, இரண்டு குடும்பத்தின் தலையில் இடியாக இறங்கியிருக்காது.

இரண்டு நாள் கழித்துப் பாய் சொல்லி அனுப்பினார், எல்லோருமே வருகிறார்களாம். செய்தியைக் கேட்டுக் கணக்கப்பிள்ளை கொஞ்ச நேரம் பேச்சு மூச்சில்லாமல் உட்கார்ந்திருந்தாராம். மனிதர் சந்தோஷத்தில் வாயடைத்துப் போயிருக்கிறார் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல மழை. நான் கோட்டும் பெட்டியுமாகப் பிளாட்பாரத்தில் நின்றேன். பக்கத்தில் அம்மா, இரண்டு வீட்டுக்கும் காணும்படி புளிச்சோறு, மாசிச் சம்பல், அவித்த முட்டை என்று கூடை நிறையக் கட்டிக்கொண்டு நின்றாள். கோச்சி வந்தது. நான் தலைமுடியைச் சரிசெய்து, ஒரு புன்னகையை எடுத்து மாட்டிக்கொண்டு, ஏறுவதற்குக் காலைத் தூக்கினேன்.

ஏற முடியவில்லை. அவர்கள் இறங்கினார்கள்.

முதலில் ராமையா மாமா, பின்னால் அத்தை, பிறகு பங்காளிகள் என்று மீசை வைத்த ஆறேழு பேர், கடைசியில் மரகதம். (அவளை வீட்டில் விட்டுவந்தால் நான் ஆள் வைத்துத் தூக்கிக் கப்பலில் ஏற்றிவிடுவேன் என்ற பயமாம். எனக்குப் பெட்டி தூக்கவே தெம்பில்லை.) மாமா கையில் நாங்கள் கொடுத்த அதே தாம்பாளம், வெற்றிலை பாக்கோடு. அதைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தார்.

"பொண்ணு குடுக்க மாட்டோம். நீங்க பாட்டுக்குக் கப்பலேறிப் போங்க."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கப்பலைப் பார்க்கத்தானே மாமா போகிறோம் என்றேன். அதற்கு அவர் குரலை உயர்த்தாமல் சொன்னதுதான் எனக்கு இன்றுவரை பயம்.

"எங்க அக்காவும் சும்மா பாத்துட்டு வர்றோம்னுதான் போச்சு தம்பி."

அம்மா என் பக்கம் திரும்பினாள். பெற்ற தாய் காப்பாற்றுவாள் என்று பார்த்தால், அவள் என்னைப் பார்க்கவில்லை, பெட்டியைப் பார்த்தாள். "ஒரு நாளைக்குப் போறவனுக்கு இம்மாம் பெரிய பெட்டி எதுக்குடா? என்னையும் சொல்லாமக் கொள்ளாம ஏத்திவிடப் பாத்தியா?" என்று அங்கேயே உட்கார்ந்து ஒப்பாரி வைக்கத் தொடங்கிவிட்டாள். அத்தையும் பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்துகொண்டார். பங்காளி ஒருவர் பெட்டியைத் திறந்து பார்த்தார். உள்ளே ஒரு துவாய், ஒரு சீப்பு, ஒரு பவுடர் டின். அந்தப் பவுடர் டின்னை எடுத்து அவர் எல்லோருக்கும் காட்டினாரே, அதற்குப் பதில் அவர் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

சரி, இதற்கு மேல் ஒன்றும் நடக்காது என்று நினைத்தேன். கோச்சியின் அடுத்த பெட்டியிலிருந்து பாய் இறங்கி ஓடி வந்தார், கையில் ஒரு பெரிய பொட்டலம்.

"நல்லவேளை தம்பி, புடிச்சிட்டேன். தூத்துக்குடியில எறங்குனதும் காயல்பட்டினத்துக்கு பஸ் இருக்கு. இந்தத் தேயிலையை எங்க சாச்சி வீட்டுல குடுத்திடுங்க."

மானம் கப்பலேறுவது என்று சொல்வார்கள் அல்லவா? அன்று எங்கள் கூட்டத்தில் கப்பலேறியது அது ஒன்றுதான்.

"பாத்தீங்களா?" என்றார் மாமா, பிளாட்பாரத்துக்கே பொதுவாக. கார்ட் பச்சைக் கொடியைக் காட்டினார். கோச்சி கூவியது. பேப்பர் வாசித்துச் சேர்த்த அறிவில் ஒரு சொல்கூட உதவிக்கு வரவில்லை.

அப்போதுதான் அத்தைக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னக் குரல் வந்தது. மரகதம்.

"அப்பா, அது பாயோட கப்பல் இல்ல. பாய்மரக் கப்பல். வெளிநாட்டுல இருந்து வந்திருக்கு, எல்லாரையும் ஏறிப் பாக்க விடுறாங்க. பேப்பர்ல படம் போட்டிருந்துச்சு."

"எந்தப் பேப்பர்ல?"

"பாய் சீலை சுத்திக் குடுத்தாங்களே, அதுல. போன வாரமே பாத்தேன்."

மாமாவுக்கு முகத்தை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியவில்லை. "போன வாரமே சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா வீண் செலவுன்னு கோச்சியிலயே ஏறியிருக்க மாட்டீங்க. கொழும்புக்குப் போய்த்தான் சண்டை போடுவீங்கன்னு நெனச்சேன். இங்கயே எறங்குவீங்கன்னு எனக்கென்ன தெரியும்?"

எல்லோரும் கோச்சியைத் திரும்பிப் பார்த்தோம். அதன் பின்பக்கம் மழைக்குள் மறைந்துகொண்டிருந்தது. அவள் முகத்தை நான் முதன்முதலாகப் பார்த்தது அப்போதுதான். வகிட்டுக்குக் கீழே அழகான முகம்தான். ஆனால் அவ்வளவு கோபமான முகத்தை நான் அதுவரை கண்டதில்லை. அந்தக் கோபம் கோச்சி மேலே இல்லை, என் மேலே.

மேலே போகும் கோச்சிக்கு நிறைய நேரம் இருந்தது. பசி வந்தது. அம்மா மூக்கைச் சிந்திவிட்டுக் கூடையை அவிழ்த்தாள். கப்பல் தளத்தில் காற்று வாங்கிக்கொண்டு சாப்பிட வேண்டிய புளிச்சோற்றை, ஸ்டேஷன் தகரக் கூரையின் ஒழுக்குக்கு இடம் மாறி மாறி உட்கார்ந்து சாப்பிட்டோம். பங்காளிகள் முட்டையில் குறை வைக்கவில்லை. பாய் மட்டும் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, "நீங்கதானே தம்பி ஆமான்னீங்க" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார்.

சாப்பிட்டு முடித்ததும் அம்மாவுக்கு வெற்றிலை ஞாபகம். கண்ணெதிரே தாம்பாளம். பழக்கதோஷத்தில் ஒன்றை எடுத்துக் காம்பு கிள்ளிச் சுண்ணாம்பு தடவி வாயில் போட்டாள். இன்னொன்றை மடித்து அத்தையிடம் நீட்டினாள். அத்தையும் வாங்கி மென்றுவிட்டார். பங்காளிகளும் கை நீட்டினார்கள். மாமா பார்த்துக்கொண்டே இருந்தார். திருப்பிக் கொடுக்கக் கொண்டுவந்த வெற்றிலையை இரண்டு வீட்டாரும் சேர்ந்து தின்று தீர்த்தாகிவிட்டது. இனி எதைத் திருப்புவது? வெறும் தாம்பாளத்தைத் திருப்பிக் கொடுத்துச் சம்பந்தத்தை முறிக்க எங்கள் வழக்கத்தில் இடமில்லை. அவர் பெருமூச்சு விட்டு, தாம்பாளத்தை எடுத்து மழையில் நீட்டிக் கழுவி, அத்தையின் பையில் செருகினார். அவ்வளவுதான், கல்யாணம் பிழைத்தது.

வைகாசியில் முகூர்த்தம். சபையில் ஒரு பெரியவர் "சம்மதந்தானாப்பா?" என்று கேட்டார். நான் "ஆமா" என்றேன். உடனே மாமாவின் அந்த மலைக்குரல், "என்ன கேட்டாங்கன்னு தெரிஞ்சுதான் சொல்றீங்களா மாப்பிள்ளை?" என்று கேட்டது. மேளக்காரர் சிரித்ததில் தாளம் தப்பிப்போய், தாலியை நான் மேளம் இல்லாமல்தான் கட்டினேன்.

அதற்குப் பிறகு கொழும்புக்கு எத்தனையோ தரம் போய்விட்டோம். அந்த மாதிரிக் கப்பல் மட்டும் நாங்கள் போன நாளில் வந்ததே இல்லை. மரகதம் அதை விட்டபாடில்லை. போன மாதம் என்னைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் இடுக்கியைக் கையில் எடுத்து, "இந்தப் பல்தானே?" என்று கேட்டார். நான் திறந்த வாயோடு "ஆ" என்று தொடங்கியதுதான் தாமதம், இவள் டாக்டரின் கையைப் பிடித்துவிட்டாள்.

"எதுக்கும் ஒருக்கா கண்ணாடியில காட்டிக் கேட்டுட்டுப் புடுங்குங்க டாக்டர். இவர் சொன்ன ஆமாவால கப்பலையே விட்டவ நான்."